ஊர்க்காசு கொஞ்சம் இருக்கிறது: கன்றா, குளமா, கதிரையா?

வன்னியில் ஒரு ஊருக்குப் பொதுக்காசு வருவதற்கு மூன்று நான்கு வழிகள் உண்டு. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் சேர்த்து அனுப்புவார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு சின்ன வீதி வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்ததில் கொஞ்சம் மிஞ்சும். கோயில் திருவிழாக் கணக்கு முடிந்து ஒரு தொகை நிற்கும். எப்போதாவது ஒரு தொண்டு நிறுவனம் படலையைத் தட்டும். காசு வந்த கிழமையே சனசமூக நிலையத்தில் கூட்டம் வைப்பார்கள். "சூழலுக்கும் நல்லதாய், ஊருக்கும் பிரயோசனமாய் ஏதாவது செய்வம்" என்று யாராவது எழும்பிச் சொல்வார். அதற்குப் பிறகு வருகிற யோசனைகள் எந்த ஊரிலும் அநேகமாக ஒன்றுதான்: மரம் நடுவோம், குளத்தைத் திருத்துவோம், குப்பைக்கு ஒரு வழி பண்ணுவோம், கதிரை பாத்திரம் வேலைச்சாமான் வாங்கி வைத்து எல்லாரும் மாறிமாறிப் பாவிப்போம்.

நான்கில் எதைச் செய்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அதுதான் சிக்கல். எல்லாமே நல்ல காரியம் என்றபடியால் எது நிலைக்கும் என்று கேட்க வாய் வராது. இங்கே மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டிவிட்டுப் போய்விடும். தை, மாசியில் காலபோக அறுவடை. சித்திரையில் ஒரு மழை இரண்டு மழை விழுந்தால் உண்டு. வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாசி வரை நிலம் வெடித்துக் கிடக்கும். பொது வேலைகள் தொடங்குவது மாரியில், எல்லாரும் உற்சாகமாக இருக்கும்போது. அவை செத்துப்போவது ஆடி ஆவணியில், யாரும் கவனிக்காதபோது. ஆகவே நான் நான்கையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: ஆவணி மாதத்தில் இதை யார் பார்த்துக்கொள்வார், ஏன் பார்த்துக்கொள்வார்? அந்த "ஏன்" முக்கியம். ஊர்ப்பற்று என்று பதில் வந்தால் அந்த யோசனையைத் தள்ளி வைக்கலாம்.

மரம் நடுவது

கார்த்திகை வடக்கில் மரநடுகை மாதம். மாகாண சபை இருந்த காலத்தில் அறிவித்தது. 2018 ஐப்பசியில் சபையின் காலம் முடிந்த பின்னும் வழக்கம் நின்றுபோகவில்லை. மாதமும் சரியான மாதம்தான், மண் ஈரமாக இருக்கும். பள்ளிக்கூடம், கோயில், விளையாட்டுக் கழகம் எல்லாம் கன்று நடுகின்றன. ஒருவர் குழிக்குள் கன்றை வைக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கையை நீட்டியபடி படமெடுப்பார்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கறுப்புப் பொலித்தீன் பை கழற்றப்படாமலே கன்று குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் படங்களும் உண்டு. வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்து, மழை நின்ற இரண்டாம் மாதம் கன்று பழுத்துவிடும்.

பையைக் கழற்றி ஒழுங்காக நட்டாலும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று தண்ணீர். ஐம்பது கன்று என்று வையுங்கள். கன்றுக்கு ஒரு வாளி, அதாவது பத்து லீற்றர், கிழமைக்கு இரண்டு தரம். அது கிழமைக்கு 1,000 லீற்றர். லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு தாங்கி வைத்து நிரப்பி இழுத்தால் ஒரு நடை. மாசியிலிருந்து புரட்டாசி வரை முப்பது கிழமை பிடித்தால் முப்பது நடை, அதற்கு டீசல், ஓட்ட ஒருவர், ஊற்ற ஒருவர். கன்றை நாற்றுமேடைகளில் இனாமாகவே எடுத்துவிடலாம்; இந்த முப்பது நடையை யாரும் இனாமாகத் தருவதில்லை. கூட்டத்தில் கன்றின் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மற்ற எதிரி கட்டாக்காலி மாடும் ஆடும். வயல் விதைத்தவுடன் மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே திகதி போட்டுவிடுவார்கள். அப்படி அகற்றப்பட்ட மாடுகள் எங்கே போகும்? தரவைக்கும் வீதிக்கரைக்கும்தான், அதாவது நீங்கள் கன்று நட்ட இடத்துக்கு. நாலு தடி ஊன்றிப் பனைமட்டை சுற்றிக் கட்டினால் மாட்டைத் தடுக்கலாம். ஆடு பின்னங்காலில் எழுந்து நின்று மேல் நுனியைக் கடிக்கும். ஆகவே கூடு கன்றைவிட நெஞ்சளவு உயரமாக இருக்க வேண்டும், அதை வருடத்துக்கு ஒரு தரமாவது புதுப்பிக்க வேண்டும்.

இதற்காக மரம் நட வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மரம் தப்புகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்தால் விடை தெரியும். வீட்டுப் படலைக்கு முன்னால் நிற்கிற மரம் தப்புகிறது. கிணற்றடித் தண்ணீர் அந்தப் பக்கம் போகும், முற்றம் கூட்டுகிறவர் தினமும் பார்ப்பார், ஆடு வந்தால் துரத்துவார். பொது வீதிக்கு நூறு கன்று நடுவதைவிட, வீட்டுக்கு ஒன்றாகப் படலைக்கு வெளியே முப்பது கன்று நடுவது மேல். எந்த மரம் என்பதை வீட்டுக்காரரே சொல்லட்டும். வேம்பு, நாவல், இலுப்பை என்று நாம் ஆசைப்படுவோம்; அவர்கள் மாமரம் கேட்பார்கள். கொடுங்கள், மாமர நிழலும் நிழல்தான். ஒரேயொரு நிபந்தனை: மேலே மின்கம்பி போகிற பக்கத்தில் நடக்கூடாது. வளர்ந்த பிறகு மின்சார சபை வந்து மொட்டை அடித்துவிட்டுப் போகும்.

இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது, பனை விதை. ஆடி முதல் புரட்டாசி வரை பனம்பழம் விழும். பொறுக்கிப் பினைந்து சாப்பிட்டது போக மிஞ்சும் கொட்டையை மழைக்கு முன்னால் நேரே நிலத்தில் புதைத்தால் போதும். முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும், அதனால் வரட்சிக்கு அசையாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, கூடு கட்டத் தேவையில்லை. செலவு பொறுக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு பிளேன்ரீயும் பணிசும்தான். கெடுதல் என்னவென்றால், பலன் காண பதினைந்து இருபது வருடம் ஆகும். அதோடு, தை மாசியில் யாராவது அலவாங்கோடு வந்து கிழங்கு கிண்டிக்கொண்டு போவார்கள். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, பனங்கிழங்கு என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை. கிண்டுகிறவருக்குப் போக மிச்சம் இருக்கும்படி மூன்று மடங்காகப் புதையுங்கள்.

நடாமல் விடுகிற வழியும் உண்டு, அதைப்பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வராது. பாலை, வீரை, முதிரை, கூழா போன்ற நம் காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை; கன்றாக எடுத்து வந்து வீதிக்கரையில் வைத்தால் பெரும்பாலும் கோபித்துக்கொள்ளும். ஆனால் பற்றைக்காடாகக் கிடக்கும் ஒரு துண்டைச் சுற்றி முட்கம்பியோ கிளுவை வேலியோ அடைத்து, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் விடாமல் காத்தால், வெட்டப்பட்ட பழைய அடிக்கட்டைகளிலிருந்தே காடு எழும்பிவிடும். பாலைப்பழக் காலத்தில் கரடி வருமே என்பார்கள். ஊர்மனைக்குக் கிட்ட என்றால் அது நியாயமான பயம்தான். இந்த வழிக்குத் தேவை வேலியும், "இந்தத் துண்டு யாருடையது" என்ற கேள்விக்குத் தெளிவான பதிலும். வன்னியில் இரண்டாவதுதான் கஷ்டம். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது, பிரதேச செயலகத்தின் வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று கிராம அலுவலரோடு போய்ப் பார்த்துவிட்டு வேலி போடுங்கள். பிறகு சண்டை வந்தால் மரத்துக்கும் ஆபத்து, காணிக்கும் ஆபத்து.

குளம்

வன்னி ஊருக்குக் குளம்தான் உயிர். அதனால் "குளத்தில் போடுவோம்" என்ற யோசனைக்குக் கூட்டத்தில் கைதட்டு அதிகம். எனக்கு இதில் தயக்கம் உண்டு, காரணம் மூன்று.

முதலாவது, குளம் நம் கையில் இல்லை. 80 ஹெக்டேயருக்குக் குறைவாக வயல் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்றவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும். சிறு குளம் என்றால் கமக்காரர் அமைப்பு ஊடாகத்தான் வேலை செய்ய முடியும். மண் அள்ளி வெளியே கொண்டுபோவதற்கு வேறு அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் காசு வந்துவிட்டது என்று ஜே.சி.பி.யை இறக்கிக் கட்டின் அடியோரம் தோண்டினால் கட்டுப் பலவீனப்படும். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, குளக்கட்டு விளையாட்டுச் சாமான் அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, குளக்கட்டில் மரம் நடுவது. குளத்தையும் மரத்தையும் ஒன்றாக முடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். கட்டில் பெரிய மரம் நிற்கக்கூடாது. வேர் கட்டுக்குள் ஊடுருவும். மரம் பட்டால் வேர் உக்கி உள்ளே துவாரம் விழும். அதன் வழியே தண்ணீர் கசியும். மரம் நட ஏற்ற இடம் எதிர்ப்பக்கம், குளத்து அலைகரை. அங்கே மருது நன்றாக வரும், வெள்ளத்தில் நின்றாலும் அழுகாது, கரை மண்ணையும் பிடிக்கும். இதையும் கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணத்தைக் கூட்டத்தில் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. குளத்தில் போடும் காசு வயல் உள்ளவருக்குத்தான் முதலில் போகும். நம் ஊர்களில் எல்லாரும் ஒரே மாதிரி வந்து குடியேறியவர்கள் இல்லை. பரம்பரையாக இங்கேயே இருந்து குளத்தின் கீழ் வயல் உள்ளவர்கள் ஒரு பக்கம். குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். 1958, 1977, 1983 கலவரங்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து கால் ஏக்கர் மேட்டுக்காணியோடு இன்றும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஊருக்குப் பொதுவாக வந்த காசைக் குளத்தில் போட்டால், கடைசியாகச் சொன்னவர்களுக்குக் கிடைப்பது குளிக்க ஒரு துறை மட்டும்தான். கிணற்று நீர்மட்டம் உயரும் என்ற வாதம் சரிதான், ஆனால் அது எல்லாக் கிணற்றுக்கும் எட்டாது.

குளத்துக்குத் தேவையானது காசைவிட ஆட்கள். புரட்டாசியில் கட்டில் வளர்ந்த பற்றையை வெட்டுவது, வாய்க்காலில் அடைபட்ட புல்லை இழுப்பது, குளம் நிரம்பி வான் பாயும் வழியைத் துப்புரவாக்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானம் போதும். கமக்காரர் அமைப்புக்கு அதில் நேரடி நன்மை உள்ளபடியால் ஒவ்வொரு வருடமும் நடக்கும், நம் "ஏன்" கேள்விக்கு நல்ல பதில் இருக்கிற வேலை. அதே நாளில் வீதிக்கரைப் பார்த்தீனியத்தையும் பூக்க முன்னம் பிடுங்கிவிடலாம். கையுறை போட்டுப் பிடுங்குங்கள், வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் கடித்துத் தடித்துவிடும்.

குப்பை

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான்கிலும் நான் கடைசியில் வைப்பது இதுதான். பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் வரும். உள்ளூர்களில் புதைப்பதும் எரிப்பதும்தான். சந்திக்குச் சந்தி கம்பிக்கூடு வைத்து பிளாஸ்டிக் போத்தல் சேர்க்கலாம். இரும்பும் போத்தலும் பழைய சாமான் வியாபாரி எடுப்பார். சொப்பிங் பையையும் பிஸ்கற் உறையையும் யார் எடுப்பார்? கூடு நிரம்பும், காற்று அடிக்கும், நாய் இழுக்கும், குப்பை முன்னைவிட அழகாக ஊர் முழுக்கப் பரவும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த செய்திகளை வாசித்திருப்பீர்கள். காட்டோரம் உள்ள ஊர்கள் திறந்த கூடு வைப்பதற்கு முன் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு நாளாவது வந்து ஏற்றுவோம் என்று பிரதேச சபை எழுத்தில் தந்தால் தொடங்குங்கள். இல்லாவிட்டால் குப்பையைச் சேர்ப்பதைவிடக் குப்பை உண்டாகாமல் பார்ப்பது சுலபம். அது நாலாவது யோசனைக்குள்ளேயே வருகிறது.

கூட்டெரு பற்றியும் கேட்பார்கள். 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தபோது எல்லாரும் கூட்டெரு தேடி ஓடினார்கள். வருட முடிவுக்குள் தடை போனது, அந்த ஆர்வமும் கூடவே போனது. பட்டி மாடு உள்ள ஊரில் எருவுக்குத் தனியாகத் திட்டம் தேவையில்லை, ஏற்றி இறக்கும் கூலிதான் பிரச்சினை. விதைப் பரிமாற்றமும் அப்படித்தான். கத்தரி, பயிற்றை, பூசணி விதை மாதர் சங்கத்துப் பெண்களிடம் ஏற்கனவே கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. காசு போட்டு அதைக் கெடுக்க வேண்டாம்.

பொதுச்சாமான்

கதிரை வாங்குவது எப்படிச் சூழல் வேலையாகும் என்று காசு அனுப்பியவர் கேட்கக்கூடும். ஒரு செத்தவீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 300 பேர் வந்து ஆளுக்கு இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தால் 600 கப். அன்றோடு முடிவதில்லை. எட்டாம் நாள் சடங்கு இருக்கிறது, 31 ஆம் நாள் அந்தியேட்டி இருக்கிறது. பிறகு அந்தக் கப் எல்லாம் வேலியோரம் குவித்து எரிக்கப்படும், அல்லது காற்றில் வாய்க்காலுக்குப் போகும். சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 இல் தடை செய்யப்பட்டது. ஒரு தரம் பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை 2023 ஐப்பசியில். தடை வர்த்தமானியில் இருக்கிறது. செத்தவீட்டில் அவசரத்துக்குக் கடைக்குப் போகிற பொடியன் கையில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் வாங்கி வருவான். சனசமூக நிலையத்தில் 300 சில்வர் பேணியும் 200 சோற்றுக் கோப்பையும் இருந்தால் அவன் அங்கே போவான். அது கிட்ட, இனாமும் கூட.

பகிர்ந்து பாவிப்பது நமக்குப் புதிய விசயம் அல்ல. 2009க்குப் பிறகு மீளக்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் ஒரு அலவாங்கு நாலு வீட்டுக்குப் போய்வந்தது. மரண உதவிச் சங்கங்கள் இன்றும் கொட்டகைத் தகரமும் கிடாரமும் வைத்திருக்கின்றன. புதிதாகச் செய்ய வேண்டியது, எதைப் பகிரலாம் எதைப் பகிரக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

வருடத்தில் ஒரு சில நாளுக்கு மட்டும் ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது, அதுவும் வீட்டுக்கு வீடு வேறு வேறு நாளில் தேவைப்படுவது, பகிரத்தக்கது. கிடாரம், தாச்சி, கதிரை, தறப்பாள், நீட்டு ஏணி, தள்ளுவண்டில், கிணறு இறைக்கும் மிசின். இதோடு ஒன்று சேர்ப்பேன்: ஒரு நல்ல தராசு. அறுவடை நேரம் நெல் வாங்க வருகிறவர் தன் தராசோடு வருவார், ஈரம் என்று சொல்லிக் கழிவும் போடுவார். ஊரில் ஒரு தராசு இருந்து, மூட்டையை முன்கூட்டியே நிறுத்து எழுதி வைத்திருந்தால் பேச்சின் தொனியே மாறும். கச்சான் விற்கிறவர்களுக்கும் உதவும். சூழலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்தத் தராசுக்காக வருகிறவர் பொதுச்சாமான் வைக்கும் கொட்டிலை உயிரோடு வைத்திருப்பார்.

எல்லாருக்கும் ஒரே கிழமையில் தேவைப்படுவது பகிர முடியாதது. இரு சக்கர உழவு இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். மழை விழுந்தால் எல்லாரும் அன்றே உழ வேண்டும். யாருக்கு முதல் என்று சண்டை வரும். பிறகு அது தலைவருடைய வளவிலேயே நிற்கும். பழுதானால் கடைசியாகக் கொண்டுபோனவர் "எனக்குத் தெரியாது, தரும்போதே அப்படித்தான் இருந்தது" என்பார். பொது இயந்திரங்கள் பல ஊர்களில் துருப்பிடித்து நிற்பதற்குக் காரணம் சனங்களுடைய குணம் அல்ல, தேவையின் நேரம். மருந்தடிக்கும் தாங்கியையும் பகிரக்கூடாது. ஒருவர் களைநாசினி அடித்துவிட்டு ஒழுங்காகக் கழுவாமல் தந்தால், அடுத்தவருடைய மிளகாய் கருகிப்போகும். மண்வெட்டி தினசரிச் சாமான், அவரவர் வீட்டில் இருக்கட்டும்.

பேணி கோப்பைக்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. கழுவத் தண்ணீர் வேண்டும். ஆவணியில் கிணறு அடியில் கிடக்கும்போது 600 பேணி கழுவுவது சின்ன வேலையில்லை, அதுவும் கழுவுவது எப்போதும் பெண்கள். மூன்று வாளி முறை வைத்துக்கொண்டால், அதாவது ஒன்றில் அலசி, ஒன்றில் சாம்பலோ சோப்போ போட்டு, கடைசியில் நல்ல தண்ணீரில் முக்கியெடுத்தால், குழாயில் கழுவுவதைவிடத் தண்ணீர் நன்றாக மிஞ்சும். கழுவுகிறவர்களுக்கு வாடகையிலிருந்து கூலி கொடுங்கள். சோற்றுக்குக் கோப்பையே தேவையில்லாத ஊர்களும் உண்டு. குளத்தில் தாமரை படர்ந்திருந்தால் இலை பறித்து வரலாம், பொங்கல் மடைகளில் அதில் சாப்பிட்டுப் பழகிய சனம்தானே. சாப்பிட்ட பிறகு மாடு தின்றுவிடும்.

ஆவணியில் யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு இங்கேதான் உறுதியான பதில் கிடைக்கிறது. செத்தவீட்டுக்கு இனாம், கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், வீடு குடிபுகுதலுக்கு வாடகை. வாடகையில் ஒரு பங்கு திறப்பு வைத்திருப்பவருக்கு. அவருக்கு அது மாதச் செலவுக்கு ஒரு கை கொடுக்கும், ஆகவே பார்ப்பார். திறப்பு யாரிடம் என்பதுதான் முழுத் திட்டத்திலும் பெரிய முடிவு. தலைவரிடம் வேண்டாம், அவர் எப்போதும் ஒரு கூட்டத்தில் இருப்பார். கோயிலிலும் வேண்டாம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பம் வந்து கேட்கக் கூச்சப்படும், கோயிலோடு கோபம் உள்ளவர்களும் வரமாட்டார்கள். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்து வீடு, பகலில் ஆள் இருக்கிற வீடு, முடிந்தால் பெண் தலைமை தாங்குகிற குடும்பம். சிரமதானத்துக்கு ஆள் அனுப்ப முடியாத வீடுகளுக்கும் ஊர்வேலையில் ஒரு இடம் இதனால் கிடைக்கும்.

கொப்பி ஒன்று. அதில் ஐந்தே விசயம்: சாமான், எத்தனை, யார், கொண்டுபோன திகதி, திரும்பிய திகதி. உடைந்தால் பாதி விலை, துலைந்தால் முழு விலை. இதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள், முதல் உடைவுக்குப் பிறகு எழுதினால் அது ஒரு ஆளுக்கு எதிரான சட்டமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊரில் யாராவது கதிரை, லைற், கொட்டகை வாடகைக்குக் கொடுத்துப் பிழைக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவரிடம் உள்ளதை வாங்காதீர்கள். வெளிநாட்டுக் காசால் ஒரு உள்ளூர்க் குடும்பத்தின் தொழிலை முடக்கிவிட்டு அதற்குச் சமூகசேவை என்று பெயர் வைக்க முடியாது. அவரிடம் கதிரை இருக்கட்டும். நீங்கள் பேணியும் தராசும் ஏணியும் வாங்குங்கள். செத்தவீட்டுக் கதிரைக்கு அவருக்கு ஒரு குறைந்த வாடகையைப் பொதுக்காசிலிருந்து கொடுக்கலாம், இரண்டு பக்கமும் கைகுலுக்கும்.

வெள்ளம் வந்தால் என்ன என்று கேட்டால், அப்போதுதான் இந்தக் கொட்டிலின் அருமை தெரியும். பள்ளிக்கூடத்தில் சனம் வந்து தங்கினால் முதல் நாள் நிவாரணம் வருவதற்குள் கஞ்சியாவது காய்ச்ச வேண்டும். பெரிய கிடாரம் யாரிடம் என்று அந்த மழைக்குள் தேடித் திரியக்கூடாது.

எதை முதலில்?

எனக்கு விட்டால் காசில் மூன்றில் இரண்டு பங்கைப் பொதுச்சாமானுக்குப் போடுவேன். எல்லா வீட்டுக்கும் பயன், அனுமதி யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தவறிப்போனாலும் கிடாரம் கிடாரமாகவே இருக்கும், விற்றுக் காசாக்கலாம். வாடிய கன்றை அப்படி விற்க முடியாது. மிச்சத்தில் படலை மரங்களுக்குக் கூடு கட்டத் தடியும் கம்பியும். கன்றுக்குக் காசு செலவழிக்க மாட்டேன். பனை விதை காசு இல்லாமலே நடக்கும். குளம் சிரமதானத்தோடு நிற்கட்டும்.

எல்லா ஊருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. சனசமூக நிலையத்துக்குக் கூரையோ பூட்டோ இல்லாத ஊரில் சாமான் வாங்குவது திருடனுக்கு வாங்கிக்கொடுத்த மாதிரி, முதலில் கதவு. எல்லாரும் வயற்காரராக இருந்து ஒரே குளத்தின் கீழ் வாழும் சிறிய ஊரானால், கமநல சேவை நிலையத்தோடு பேசித் துருசை, அதாவது தண்ணீர் திறக்கும் மதகை, திருத்துவது முதலாவதாக வரலாம். காட்டோரம் யானை வந்துபோகிற ஊரில் படலைக்கு வாழையும் பலாவும் கேட்டால் மறுத்துவிடுங்கள், வேம்பு கொடுங்கள். வீடுகள் பாதி பூட்டிக் கிடந்து, ஆட்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊரில் படலை மரம் சரிவராது. அங்கே பற்றைக்காட்டுத் துண்டொன்றை வேலி அடைத்து விடுவதுதான் உள்ளதில் நல்லது, அதற்கு அதிகம் ஆள் தேவையில்லை.

பெயர்ப்பலகை பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காசு அனுப்பியவர்கள் ஆரம்ப விழா, ரிப்பன், படம் கேட்பார்கள்; மரநடுகைக்கு அது நன்றாக அமையும், பேணிக்கு அமையாது. கேட்டால் கோப்பையின் அடியில் ஊர்ப்பெயரைக் கொத்திக்கொடுக்கலாம். அது துலையாமல் இருக்கவும் உதவும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை செத்தவீட்டுக்குப் போனது, எத்தனை உடைந்தது, திறப்புக்காரருக்கு எவ்வளவு கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த தரம் காசு கேட்கும்போது ரிப்பன் வெட்டிய படத்தைவிட அந்தப் பக்கங்கள் கூடப் பேசும். கூட்டத்தை ஆவணி கடைசியில் வையுங்கள். கார்த்திகையில் வைத்தால் மழை ஈரத்தில் எல்லாரும் கன்றுக்குத்தான் கை தூக்குவார்கள்.